ஞானோபதேசத்தில் ஒரு சொல்

சமயக் கோட்பாட்டு நூல்களில் பழையதே நம்பத்தக்கது என வாதிடுவோர் அண்டிரிக் அடிகளாரின் வாழ்வை அறிதல் நன்று. போர்ச்சுகலில் 1520-இல் பிறந்து, 1546-இல் இந்தியா வந்த இந்த இயேசு சபைத் துறவி, வாழ்நாளின் பெரும்பகுதியை முத்துக்குளித்துறைப் பரதவரிடையே கழித்தார். அவர் வருமுன் அங்கே ஓதப்பட்ட விசுவாசப் பிரமாணத்தில், விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் வேண்டும் என்ற சொல் நின்றது. அதைச் சவேரியாரே 1544-இல் திருத்தச் சொன்னார். ஒரு சொல்தான், ஆனால், நம்பிக்கை விண்ணப்பமாகிவிடுகிறதே! அண்டிரிக் தமிழைக் கற்று, இலக்கணம் எழுதி, மொழிபெயர்ப்புகளைச் செப்பனிட்டார். 1578-இல் கொல்லத்தில் 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. அது ஓதுவதற்கு. அத்தோடு நில்லாமல், மறு ஆண்டே கொச்சியில், மார்க்கோஸ் ஜோர்ஜின் வினாவிடை நூலைத் தமிழாக்கிக் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளியிட்டார். இது விளங்கிக்கொள்வதற்கு. மார்க்கோஸின் மூலநூலும் அன்று புதுநூலே. அடிகளார் 1600-இல் புன்னைக்காயலில் மறைந்தார்.