கே. ராம்நாத்தும் ‘ஏழை படும் பாடு’ திரைத்தழுவலும்

தமிழ்த் திரையுலகில் ஒளிப்பதிவாளராகத் தொடங்கி இயக்குநராக உயர்ந்தவர் கே. ராம்நாத் (1912–1956). திருவனந்தபுரத்தில் பிறந்த அவர், சென்னையில் முருகதாசா, கலை இயக்குநர் ஏ. கே. சேகர் ஆகியோருடன் இணைந்து செயல்பட்டார். வேல் பிக்சர்ஸ், ஜெமினி ஆகிய நிறுவனங்களில் பெற்ற பட்டறிவு அவரது காட்சிநடைக்கு அடித்தளமாயிற்று.

விக்தர் ஹ்யூகோ 1862இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவலைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழாக்கினார். கோவை பட்சிராஜா நிறுவனத்திற்காக ராம்நாத் அதனை 1950இல் படமாக்கினார். நாவலில் ஆசிரியர் கூற்றாக விரியும் மனப்போராட்டத்தைத் திரை அவ்வாறே ஏற்க இயலாது. முகத்தில் படியும் ஒளியும் நிழலும் சட்டக அமைப்புமே அங்குக் கதைசொல்லியின் இடத்தைப் பெறுகின்றன. ஒளிப்பதிவறிந்த இயக்குநருக்கு இம்மாற்றம் இயல்பாகக் கைவந்தது. வி. நாகையா ஏற்ற குற்றவாளியும் சீதாராமன் ஏற்ற காவல் அதிகாரியும் அறத்திற்கும் சட்டத்திற்குமான முரணுக்கு உருவமளித்தனர். ‘ஜாவர்’ என்னும் பாத்திரப்பெயர் சீதாராமனின் பெயரோடு நிலைத்துவிட்டது.

1951இல் ‘மர்மயோகி’யை இயக்கிய ராம்நாத், நாற்பதுகளின் நடுவிலேயே மறைந்தார். கதைநிகழ்ச்சிகளையும் உரையாடலையும் மட்டும் ஒப்பிடும் தழுவல் ஆய்வில் அவரது பங்களிப்பு புலப்படாது. ஒளியமைப்பையும் பனுவலாகக் கொள்ளும்போதே அவர் அப்படத்தின் ஆசிரியராகத் தெரியவருவார்.