சுப்பாராவ் யார்? மருந்துக்கு அடங்காத மலேரியாவுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

வேலையில் சேர்ந்த புதிதில் மைசூருவுக்கு டிரெய்னிங் போனவரா நீங்கள்? அப்படியென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பக்கத்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு பஸ் ஏறியிருப்பீர்கள். 1799ல் அங்கே திப்பு சுல்தானை வென்ற பிரிட்டிஷ் படை, 1809ல் பெங்களூருக்கு முகாமை மாற்றிக்கொண்டது. காரணம், ஓயாத மலேரியா காய்ச்சல்.

மலேரியாவுக்கு மருந்து வந்த பிறகும் தலைவலி தீரலை. ஒட்டுண்ணி மருந்துக்குப் பழகிவிடுகிறது. குளோரோகுயினுக்கு அடங்காத மலேரியா இந்தியாவில் முதலில் பதிவானது 1973ல், அசாமில். ஒரு மருந்து தோற்றால் அடுத்தது கையில் இருக்கணும். அப்படிக் கைகொடுத்த இரண்டு மருந்து வகைகளின் வேரைத் தேடிப் போனால், சென்னையில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவிடம் போய் நிற்பீர்கள்.

சென்னையில் என்ன நடந்தது?

1895 ஜனவரி 12 அன்று, அப்போதைய மெட்ராஸ் மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி என்று படிப்பு நகர்ந்தது. காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியது அறுவைசிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். அரசு மருத்துவப் பணியும் கிடைக்கலை. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்றுக்கொடுத்தார்.

இதற்கிடையே அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற வயிற்று நோயில் இறந்தார்கள். சத்து உடம்பில் ஒட்டாமல் ஆளையே உருக்கிவிடும் நோய் அது.

அமெரிக்காவில் என்ன சாதித்தார்?

1922ல், மாமனார் வீட்டு உதவியோடு பாஸ்டன் போனார். செலவுக்காக மருத்துவமனையில் இரவு நேர எடுபிடி வேலை பார்த்தார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925ல் வெளியிட்டார். உடம்பின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்கு மாறினார்.

அங்கே அவருடைய குழு 1945ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்குப் பலன் தரும் வைட்டமின் அது. யானைக்கால் நோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் டி.இ.சி. மாத்திரையும் அதே ஆய்வகத்திலிருந்து வந்ததுதான்.

இதில் மலேரியா எங்கே வருது?

முதல் இழை, ஃபோலேட். ஃபோலேட் இல்லாமல் செல்கள் பெருகாது. அந்தப் பாதையை அடைக்கும் மருந்துகளை சுப்பாராவ் குழு தயாரித்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் 1947ல் முதலில் பயன்பட்டது அவற்றில் ஒன்றான அமினோப்டெரின். அது தாக்கும் அதே வகை நொதிதான் மலேரியா ஒட்டுண்ணிக்கும் உயிர்நாடி. அதைக் குறிவைக்கும் பைரிமெத்தமின், ஹிட்சிங்ஸ், எலியன் இருவரின் குழுவிடமிருந்து வந்தது. சுப்பாராவின் மருந்து இல்லை என்றாலும், அதே ஃபோலேட் கதையின் அடுத்த அத்தியாயம்.

இரண்டாவது இழை, டெட்ராசைக்ளின். சுப்பாராவ் தலைமை வகித்த ஆய்வுப் பிரிவில், பெஞ்சமின் டக்கர் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினைக் கண்டுபிடித்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தில் முதல் மருந்து அது. பின்னால் வந்த டாக்சிசைக்ளினும் அதே குடும்பம். மலேரியா ஒட்டுண்ணிக்குள் பாக்டீரியாவை ஒத்த ஒரு சின்ன உறுப்பு இருக்கு. டாக்சிசைக்ளின் முடக்குவது அதைத்தான். மெதுவாக வேலை செய்வதால், குயினினோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

இந்த மருந்துகளும் தோற்குமா?

தோற்கும். இந்தியா ஆர்ட்டெசுனேட்டோடு சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் சேர்த்துக் கொடுத்துவந்தது. ஒட்டுண்ணியின் நொதியில் மரபணு மாற்றம் வந்து மருந்து பிடிக்காமல் போகவே, வடகிழக்கு மாநிலங்களில் 2013ல் வேறு கூட்டு மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று. தென்கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆர்ட்டெமிசினினுக்கே எதிர்ப்பு தெரிகிறது. அதனால்தான் புது மருந்துக்கான தேடல் நிற்க முடியாது.

சுப்பாராவ் 1948 ஆகஸ்ட் 8 அன்று, 53 வயதில் தூக்கத்திலேயே இறந்தார். நோபல் பரிசு வரவில்லை. ஊருக்கும் திரும்பவில்லை. 1922ல் கர்ப்பிணியாக விட்டுவந்த மனைவி சேஷகிரியை மறுபடி பார்க்கவே இல்லை. பிறந்த மகன் குழந்தையிலேயே இறந்துபோனான். இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 1995ல்.

உங்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கு. மலேரியா என்று டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தால், காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தாதீர்கள். அரைகுறையாகச் சாப்பிட்டால் நோய் திரும்பலாம், தப்பிப் பிழைத்த ஒட்டுண்ணி அடுத்தவருக்கும் போகலாம். இத்தனை பேர் ஆயுளைக் கொடுத்துக் கண்டுபிடித்த மருந்துகள் கொஞ்ச காலமாவது கூட உழைக்கட்டும்.