கே. எஸ். கிருஷ்ணன்

அந்நாளில் நம் தூத்துக்குடியையும் தன்னகத்தே கொண்டிருந்த திருநெல்வேலிச் சீமையின் வத்திராயிருப்பில், 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கலாசாலையிற் பயின்று, பின் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலைக்கு மாறிப் பௌதிகத்திற் பட்டம் பெற்றார்.

பட்டம் ஒன்றாயினும் பற்று ஒன்றோடு நின்றிலது. அக்கலாசாலையிலேயே இரசாயனச் சோதனைச்சாலையில் உதவியாசிரியராய் அமர்ந்த காலை, நண்பகல் உணவு வேளையில் பௌதிகம், கணிதம், இரசாயனம் ஆகிய மூன்றிலும் மாணாக்கர் ஐயம் தீர்த்து உரையாடுவார். பிற கலாசாலை மாணாக்கரும் அதனை நாடி வந்தனர். அங்கே பாடத்திட்டமும் இல்லை, பரீட்சையும் இல்லை.

1920-இல் கல்கத்தா சென்று இராமனிடம் சேர்ந்தார். 1928-இல் இராமன் விளைவைக் கண்ட ஆராய்ச்சியில் உடனுழைத்தார். பின்னர் டாக்காவிற் படிகங்களின் காந்தத் தன்மையை ஆராய்ந்தார். மெல்லிய இழையில் தொங்கும் படிகம் காந்தப் புலத்தில் எவ்வளவு திரும்புகின்றதென அளப்பது பௌதிகம். அவ்வளவினின்று உள்ளிருக்கும் அணுக்களின் அமைப்பை உய்த்துணரக் கணிதம் வேண்டும். ஒன்றின்றி மற்றொன்று பயன்படாது.

1940-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், 1947-இல் புதுடில்லி தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகவும் ஆயினார். தமிழிலும் விஞ்ஞானக் கட்டுரைகள் வரைந்தார். 1961-இல் மறைந்தார்.

கலாசாலை மாறி வந்து, இரு பாடமும் ஒருங்கே சுமக்கவொண்ணுமோ எனத் தயங்கும் மாணாக்கர் இவர் வாழ்வை நோக்குக. ஓர் ஏரிற் பூட்டிய இரு மாடுகள் ஒன்றற்கொன்று சுமையாவதில்லை.