தந்தையின் நோயும் தனயனின் மடலும்

அமெரிக்க நாட்டின் பதினாறாம் குடியரசுத் தலைவராக விளங்கி, அடிமைத்தளை அறுபட வழிவகுத்த ஆபிரகாம் லிங்கன் எளிய உழவர் குடியில் தோன்றியவர். கென்டக்கி மாநிலத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடிலொன்றில் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பிறந்தார். தந்தை தாமஸ் உழவும் தச்சும் அறிந்தவர். தம் பெயரை எழுதுவதற்கு மேல் எழுத்தறியாதவர். தாய் நான்சி. தமக்கை சாரா.

1816ஆம் ஆண்டின் இறுதியில் அக்குடும்பம் இண்டியானாவின் அடர்ந்த காட்டுப் பகுதியில் குடியேறியது. அங்கு, எட்டு வயது நிறையுமுன், குடிலை நெருங்கிவந்த காட்டு வான்கோழி ஒன்றைச் சிறுவன் ஆபிரகாம் சுவரிடுக்கின் வழியே சுட்டு வீழ்த்தினான். அதன்பின் அதனினும் பெரிய உயிர் எதனையும் தாம் சுட்டதில்லை என்பதை லிங்கன் பிற்காலத்தில் தம் வரலாற்றுக் குறிப்பில் பதிந்துள்ளார். வேட்டை அன்றாட வழக்கமாயிருந்த சூழலில் அவ்வாறு கையடங்கி நின்றமை எண்ணத்தக்கது.

1818ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அப்பகுதியில் ‘பால்நோய்’ பரவியது. வெண்பூப் பூக்கும் காட்டுச்செடி ஒன்றை மேய்ந்த பசுக்களின் பால் நஞ்சாகி, அருந்தியவரை மாய்த்தது. நோயின் காரணத்தை அன்று அவ்வுழவர் அறிந்திலர். அருகில் வாழ்ந்த உறவினர் இருவர் முதலில் மாண்டனர். அக்டோபர் 5ஆம் நாள் நான்சியும் மறைந்தார். தாமஸ் தம் கையாலேயே பலகை இழைத்துப் பேழை செய்தார். அதற்கு வேண்டிய மரமுளைகளை ஒன்பது வயது மகன் செதுக்கித் தந்தான் என்பர்.

அடுத்த ஆண்டு தாமஸ் கைம்பெண் ஒருவரை மணந்தார். சிற்றன்னையாக வந்த அவரும் கல்லாதவரே. ஆயினும் சிறுவனின் கல்வி வேட்கையை உணர்ந்து பேணினார். தந்தையோ மகனை அயலார் நிலங்களுக்கு வேலைக்கு அனுப்பி, கூலியைத் தாம் பெற்றார். இருபத்தொரு வயது வரை மகனின் உழைப்பு தந்தைக்கே உரியது என்பது அந்நாளைய வழக்கம். 1828ஆம் ஆண்டில் தமக்கை சாராவும் மகப்பேற்றின்போது உயிர்நீத்தார். குடும்பம் இல்லினாய்ஸுக்குப் பெயர்ந்த மறு ஆண்டு, 1831இல், லிங்கன் வீட்டை விட்டுத் தனிவழி சென்றார்.

வழக்கறிஞராக உயர்ந்த பின்னர் அவர் பெற்றோரை முற்றும் மறந்தாரல்லர். 1841இல் 200 டாலர் கொடுத்து 40 ஏக்கர் நிலத்தை வாங்கி, அவர்கள் வாழ்நாள் முழுதும் துய்க்க வழிசெய்தார். ஆனால் பொருள் சென்ற வழியில் மனம் செல்லவில்லை. 1849இல் தந்தை நோயுற்றார் எனக் கேட்டு விரைந்து சென்றார். தந்தை அப்போது தேறிவிட்டார்.

1850ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் நோய்ச் செய்தி வந்தது. சிற்றன்னையின் மகன் ஜான் ஜான்ஸ்டன் இருமுறை எழுதியும் விடை செல்லவில்லை. லிங்கனின் இல்லத்திலும் அவ்வாண்டு துயர் சூழ்ந்திருந்தது. பிப்ரவரியில் நான்கு வயது நிரம்பாத மகன் இறந்தான்; டிசம்பரில் மற்றொரு மகன் பிறந்தான்; மனைவி படுக்கையில் இருந்தார். 1851 ஜனவரி 12ஆம் நாள் அவர் ஜான்ஸ்டனுக்கு மடல் எழுதினார். மருத்துவத்துக்கு வேண்டியதைத் தம் பெயரில் பெற்றுக்கொள்ளச் சொன்னார். தம் பணியையும் மனைவியின் நிலையையும் காட்டி, வர இயலாமையைத் தெரிவித்தார். தந்தை இறைவனை நம்பட்டும் என்றார். இப்போது சந்தித்தால் மகிழ்ச்சியினும் வேதனையே மிகுமோ என்ற ஐயத்தையும் மறையாது எழுதினார். ஐந்தாம் நாள் தாமஸ் இறந்தார். மகன் இறுதிச் சடங்குக்கும் செல்லவில்லை.

ஈராண்டுகளுக்குப் பின், 1853இல் பிறந்த கடைசி மகனுக்குத் தாமஸ் என்று தந்தையின் பெயரை இட்டார். குடியரசுத் தலைவராகப் பதவியேற்கப் புறப்படுமுன், 1861 ஜனவரி இறுதியில், முதிய சிற்றன்னையைக் காணச் சென்றார். அவ்வழியே தந்தையின் கல்லறைக்கும் சென்று நின்றார். மகன் உயிரோடு திரும்பானோ என்ற அச்சத்துடன் அம்முதியவள் விடைகொடுத்தாள். 1865 ஏப்ரலில் கொலையாளியின் துப்பாக்கிக் குண்டு அவ்வச்சத்தை மெய்ப்பித்தது.

ஒரு பறவையைக் கொன்றதோடு கையை அடக்கிக்கொண்டவர் லிங்கன். பகைவரையும் பொறுக்கும் உள்ளம் படைத்தவரெனப் பின்னாளில் உலகம் அவரைப் போற்றியது. அத்தகையவருக்கும், பெற்ற தந்தையின்மீது நெஞ்சில் தங்கிய கசப்பு உரிய காலத்தில் கரையவில்லை. பிறரைப் பொறுத்தல் அரிது. உறவினரைப் பொறுத்தல் அதனினும் அரிது. நோய்ப்படுக்கையில் இருப்பவருக்கு மருந்தும் பொருளும் பிறர் வழியாகவும் சென்று சேரும். மகனின் முகத்தைப் பிறர் கொண்டுசேர்க்க இயலாது.