சொல்ல மறுத்த துறவி

திபெத்தியர் பெண் துறவியை 'ஆனி' என்று அழைப்பார்கள். தந்தையின் உடன்பிறந்த அத்தைக்கும் ஏறக்குறைய அதே சொல்தான். ஆனி பாச்சென் என்று உலகம் அறிந்த பெண்மணியின் பெயரில் அந்த முன்னொட்டு ஒட்டிக்கொண்டதற்குப் பின்னால், நெடுங்காலம் தள்ளிப்போடப்பட்ட ஒரு வாழ்க்கை இருக்கிறது.

அவர் 1933-ஆம் ஆண்டு கிழக்குத் திபெத்தின் காம் பகுதியில் உள்ள கோன்ஜோவில் பிறந்தார். தந்தை அப்பகுதியின் குலத் தலைவர். அவருக்கு ஒரே மகள். காம் மக்கள் குதிரையேற்றத்துக்கும் துப்பாக்கிக்கும் பெயர் பெற்றவர்கள். லாசாவில் இருந்த அரசுக்கே அவர்கள் எளிதில் கட்டுப்பட்டதில்லை. அத்தகைய மண்ணில், ஆண் வாரிசு இல்லாத தலைவர் தம் மகளுக்குக் குதிரை ஏறவும் குறி பார்த்துச் சுடவும் கற்றுக்கொடுத்ததில் வியப்பில்லை.

மகளின் மனமோ வேறு திசையில் இருந்தது. 17 வயதில், தமக்குத் திருமணம் பேசப்படுவதைத் தற்செயலாகக் கேட்ட அவர், வீட்டைவிட்டு வெளியேறி ஒரு பெளத்த மடத்தைச் சென்றடைந்தார். பெற்றோர் இறுதியில் இணங்கினர். தியானமும் நூற்பயிற்சியுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. அவர் விரும்பிய வாழ்க்கை அதுதான். அதற்குக் கிடைத்த அவகாசம் மிகக் குறைவு.

1950 அக்டோபரில் சீனப் படைகள் சாம்டோவைக் கைப்பற்றின. அடுத்த ஆண்டு மே மாதம் 17 அம்ச உடன்படிக்கை கையெழுத்தானது. ஆனால், மக்கள் உள்ளபடியே கொதித்தெழுந்தது 1956-இல்தான். நிலச் சீர்திருத்தம் என்ற பெயரில் நிலமும் கால்நடையும் மடங்களின் சொத்தும் பறிக்கப்பட்டன. ஆயுதங்களை ஒப்படைக்குமாறு உத்தரவு வந்தது. அதே ஆண்டு லித்தாங் மடாலயத்தின் மீது விமானங்கள் குண்டு வீசின.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய திபெத் சமத்துவ சமுதாயம் அன்று. நிலம் பிரபுக்களிடமும் மடங்களிடமும் குவிந்திருந்தது. உழுதவர்கள் வரியாலும் ஊழியத்தாலும் கட்டுண்டிருந்தனர். பாச்சென் ஆளும் குடும்பத்தில் பிறந்தவர். பண்ணையடிமைகளை விடுவித்தோம் என்று பெய்ஜிங் இன்றளவும் கூறுவது இந்த உண்மையைப் பற்றிக்கொண்டுதான். எனினும், விடுவிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட உழவர்களும் மேய்ப்பர்களும் பின்னர் அதே சிறைகளை நிரப்பினார்கள் என்பதற்கு அந்தக் கூற்றில் விளக்கம் இல்லை. பொருளியல் பயின்ற எனக்கு நிலச் சீர்திருத்தத்தின் தேவையில் ஐயமில்லை. உழுபவனைக் கேட்காமல், துப்பாக்கி முனையில், அந்நியப் படை நடத்துவதை நிலச் சீர்திருத்தம் என்று அழைப்பதில்தான் ஐயம்.

1958-இல் தந்தை இறந்தார். துறவியான மகள் தலைமையை ஏற்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 600 குதிரை வீரர்களுடன் அவர் மலைகளில் போரிட்டார். உயிர்க்கொலை செய்வதில்லை என்பது பெளத்தத் துறவியின் முதல் உறுதிமொழி. துப்பாக்கி ஏந்தியவர் அதை எவ்வாறு காப்பது? இந்த முரண்பாட்டுக்கு எளிய விடை இல்லை. அவரைப் போர்த் துறவி என்று கொண்டாடும் மேலைநாட்டு எழுத்துகள் பலவும் இந்த இடத்தை விரைவாகக் கடந்துவிடுகின்றன. எனக்கென்னவோ, அவர் வாழ்க்கையின் முதல் தண்டனை சிறை அன்று, தந்தையின் இருக்கை என்றே தோன்றுகிறது.

1959 மார்ச் 10 அன்று லாசாவில் எழுச்சி வெடித்தது. ஒரு வாரத்தில் தலாய் லாமா தலைநகரைவிட்டு வெளியேறி, அம்மாத இறுதியில் இந்திய எல்லையை அடைந்தார். பாச்செனும் தம் குடும்பத்துப் பெண்களோடு இந்தியாவை நோக்கிப் புறப்பட்டார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் வழியிலேயே பிடிபட்டார். அப்போது அவருக்கு வயது 26.

அடுத்த 21 ஆண்டுகளை விவரிப்பது கடினம். சிறையின் நாள்கள் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பவை. மணிக்கட்டுகளில் கயிறு கட்டி ஒரு வாரம் தொங்கவிடப்பட்டார். ஓராண்டு காலம் கால்களில் விலங்கு. வெளிச்சமே இல்லாத தனியறையில் ஒன்பது மாதங்கள். இவற்றோடு 'தாம்சிங்' எனப்படும் கூட்டங்கள் வேறு. ஒருவரை நடுவில் நிறுத்தி, உடனிருக்கும் கைதிகளே அவரை ஏசவும் அடிக்கவும் வைக்கும் முறை அது. அடிக்க மறுப்பவர் அடுத்த கூட்டத்தில் நடுவில் நிற்பார். உடலை வதைக்கச் சிறைக்காவலர் போதும். மனிதர்களிடையே உள்ள நம்பிக்கையை வதைக்கக் கைதிகளே வேண்டும் என்பதை அந்த அமைப்பு நன்கு அறிந்திருந்தது.

பசி மற்றொரு ஆயுதம். 1958 முதல் சில ஆண்டுகள் சீனா முழுவதையும் பெரும் பஞ்சம் வாட்டியது. இயற்கையைவிட அரசின் கொள்கையே அதற்குக் காரணம் என்பதை அமர்த்திய சென் உள்ளிட்டோர் விளக்கியுள்ளனர். தவறைச் சுட்டிக்காட்டும் செய்தித்தாளும் எதிர்க்கட்சியும் இல்லாத நாட்டில் பஞ்சம் நீண்டது. அந்நாளில் சீன அரசுடன் ஒத்துழைத்து வந்த பஞ்சென் லாமாவே, 1962-இல் பிரதமர் சூ என்லாய்க்கு அளித்த நீண்ட மனுவில், திபெத்தில் மக்கள் பட்டினியால் மடிவதை எழுதினார். அதன் பயனாக அவர் பதவி பறிக்கப்பட்டு, பின்னர் ஏறத்தாழ 10 ஆண்டுகள் சிறையில் கிடந்தார். வெளியே நிலைமை இதுவென்றால், சிறைக்குள் எப்படி இருந்திருக்கும்? காலணித் தோலை மென்று உயிர் பிழைத்த கதையை அக்காலத் திபெத்தியக் கைதிகள் சொல்லியிருக்கிறார்கள்.

பாச்செனிடம் ஆட்சியாளர்கள் எதிர்பார்த்தது பெரிய காரியம் அன்று. அவரிடம் பறிப்பதற்கு நிலமோ படையோ மீதமில்லை. தலாய் லாமாவைப் பழித்துச் சில சொற்கள், செய்தது குற்றம் என்ற ஒப்புதல், அவ்வளவே. சந்தைக் கணக்கில் பார்த்தால், சொற்களைப் போல மலிவான பண்டம் வேறில்லை. அந்த மலிவான பண்டத்தை அவர் விற்க மறுத்தார். மனத்துக்குள் வேறொன்றை வைத்துக்கொண்டு வாயால் ஒப்புக்கொண்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிச் செய்து பிழைத்தவர்களைக் குறைசொல்லும் தகுதி நம் எவருக்கும் இல்லை. ஆனால், பெறுபவருக்கு அந்தச் சொற்கள் மலிவானவை அல்ல என்பதற்கு, அவற்றைப் பெற அரசு 21 ஆண்டுகள் செலவிட்டதே சான்று.

பண்பாட்டுப் புரட்சி நடந்த காலத்தில் உதடு அசைவதுகூட வழிபாடு எனக் கருதப்பட்டுத் தண்டனை கிடைத்தது. இளமையில் மடத்தில் மனனம் செய்தவற்றை அவர் ஒலியின்றி ஓதிவந்தார். இருட்டறையும் அவருக்குத் தியானக் குகையாயிற்று என்று எழுதுவோர் உள்ளனர். நான் அவ்வாறு எழுதத் தயங்குகிறேன். சிறைக்கு அந்தப் பெருமையைத் தரக்கூடாது. குகையில் அமர்ந்த துறவி விரும்பியபோது எழுந்து வெளியே வரலாம்.

கடைசி 11 ஆண்டுகளை லாசாவின் திராப்சி சிறையில் கழித்தார். 1976-இல் மாவோ மறைந்தார். 1980 மே மாதம் லாசாவுக்கு வந்த கட்சித் தலைவர் ஹூ யாவ்பாங், திபெத்தியரின் வறுமையைக் கண்டு உள்ளூர் நிர்வாகத்தைக் கடிந்துகொண்டார். பிடி சற்றே தளர்ந்த அந்தச் சூழலில், 1981 ஜனவரியில் பாச்சென் விடுதலையானார். 26 வயதில் உள்ளே சென்றவர் 50-ஐ நெருங்கும் பருவத்தில் வெளியே வந்தார்.

அதன்பின் ஒதுங்கி வாழ்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ புண்ணியத் தலங்களுக்கு யாத்திரை சென்றார். 1987-லும் 1988-லும் லாசா தெருக்களில் துறவிகள் தொடங்கிய போராட்டங்களில் தாமும் கலந்துகொண்டார். மீண்டும் கைது செய்யப்படுவார் என்ற எச்சரிக்கை வந்தது. 1989-இல் பனி மூடிய மலைகளின் வழியே 25 நாள்கள் நடந்து நேபாளத்தை அடைந்தார். மூன்று பத்தாண்டுகளுக்கு முன்பு தடைபட்ட பயணம் அவ்வாறு நிறைவேறியது. தரம்சாலாவில் தலாய் லாமாவை நேரில் கண்டார். சிறையில் அவரைத் தாங்கி நின்ற ஆசைகளில் அது முதன்மையானது.

தரம்சாலாவில் உள்ள கதென் சோலிங் துறவியர் மடத்தைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். வெளிநாடுகளுக்குச் சென்று திபெத்தின் கதையைச் சொன்னார். அவருடைய நினைவுகள் 2000-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன. 2002 பிப்ரவரி 2 அன்று, 68-ஆவது வயதில் காலமானார். துறவாடை அணிந்து மடத்தில் வாழ வேண்டும் என்பதற்காக வீட்டைவிட்டு ஓடிய அந்தப் பெண்ணுக்கு, அவ்வாறு வாழக் கிடைத்தவை இளமையில் சில ஆண்டுகளும், இறுதியில் இந்திய மண்ணில் ஏறத்தாழ 12 ஆண்டுகளும்தாம்.