வழக்கு நடவாத குற்றவாளி

கடலூர் முதுநகரில் 1890இல் பிறந்த அஞ்சலையம்மாள் 1961இல் மறைந்தார். அதே ஆண்டில், நாஜி நீதிபதிகள் மீது 1947இல் நடந்த வழக்கை, பெயர்களை மாற்றித் திரையில் காட்டிற்று அமெரிக்காவின் நியூரம்பர்க் படம்.

1857இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் பலரைத் தூக்கிலேற்றிய கர்னல் நீலுக்கோ எந்த நீதிமன்றமும் கூடவில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள்! அதை அகற்றக் கோரி 1927இல் மகள் அம்மாக்கண்ணுவுடன் சிறை புகுந்தார் அம்மையார். கருவுற்ற நிலையிலும் வேலூர்ச் சிறை கண்டார். அவர் சட்டமன்றம் புகுந்த 1937இலேயே சிலை அருங்காட்சியகம் சென்றது.

கடலூர், சிதம்பரம் கொட்டகைகள் நிறைய அவர் வாழ்வைப் படமெடுக்க வருவோரே! நீலைக் கூண்டில் நிறுத்திக் கைதட்டல் வாங்காதீர். வழக்கே நடக்கவில்லை என்பதுதான் ஏகாதிபத்தியத்தின் மீதுள்ள குற்றச்சாட்டு. அதை மறைத்தால், நீல் மீண்டும் தப்பிவிடுவான்!