கைமணத்தை ஏட்டில் எழுதியவர்

ஆடிப் பூரம் வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ஓடும். தேர் பார்க்க ஊர் ஊராக ஜனங்கள் வந்து கூடுவார்கள். அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மட்டுமல்ல, பக்கத்தில் உள்ள ராஜபாளையம், வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம் ஆகிய ஊர்களிலும் பல வீடுகளில் விருந்தாளிகள் நிறைந்திருப்பார்கள்.

சுந்தரபாண்டியம் கைத்தறிச் சேலைக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு நெசவாளர் வீட்டுக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாமியார் ஊரில் இல்லை. வாசலில் எட்டுப் பேர் வந்து நிற்கிறார்கள். சிரித்த முகத்துடன் வாருங்கள் என்று அழைத்துவிட்டாள். ஆனால் அடுப்படிக்குள் போனதும் கை நடுங்குகிறது.

அரிசி எத்தனை ஆழாக்கு? பருப்பு எவ்வளவு? புளி எவ்வளவு? உப்பு கூடிவிட்டால் என்ன செய்வது? யாரைக் கேட்பது?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஏட்டில் பதில் எழுதி வைத்த பெண்மணி ஒருவர் சென்னையில் வாழ்ந்தார். அவர்தான் எஸ். மீனாட்சி அம்மாள். அவர் எழுதிய நூலின் பெயர் 'சமைத்துப் பார்'.

இளமையில் வந்த இடி

மீனாட்சி அம்மாள் 1905-ஆம் ஆண்டு பிறந்தார். அந்தக் கால வழக்கப்படி இளம் வயதிலேயே திருமணம் நடந்தது. ஒரு மகனும் பிறந்தான்.

ஆனால் இல்வாழ்க்கை நீடிக்கவில்லை. இருபதுகளின் தொடக்கத்திலேயே அவர் கணவரை இழந்தார். கையில் சிறு குழந்தை. வீட்டில் மாமியார். கணவரின் தம்பியும் அப்போது சிறுவன். அத்தனை பேரையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்த இளம்பெண்ணின் தலையில் விழுந்தது.

1920-களில் ஒரு பிராமணக் குடும்பத்தில் இளம் விதவையாக இருப்பது என்றால் என்ன என்பதை இன்றைய பிள்ளைகள் அறியமாட்டார்கள். கல்யாணப் பந்தலில் முன்னால் வந்து நிற்கக் கூடாது. மங்கள காரியம் எதையும் கையால் தொடக் கூடாது. எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்பார்கள். கணவனின் சொத்தில் விதவைக்குப் பங்கு தரும் சட்டம் 1937-ல்தான் வந்தது. அதற்கு முன்பு, கூட்டுக் குடும்பத்தில் கணவனை இழந்தவளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் சோறும் துணியும்தான்.

இந்தக் கொடுமையிலிருந்து இளம் விதவைகளை மீட்கச் சென்னையில் சகோதரி சுப்பலட்சுமி பாடுபட்டார். அவரும் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். விதவைப் பெண்களுக்குத் தங்க இடம் கொடுத்து, படிக்க வைத்து, அவர்களை ஆசிரியைகள் ஆக்கினார். படிப்பு ஒரு வழியைத் திறந்தது.

மீனாட்சி அம்மாளுக்கோ அடுப்படியே வழி திறந்தது.

தேடி வந்த கடிதங்கள்

அவருடைய கைமணம் உறவினர் நடுவே பேர் பெற்றிருந்தது. எந்தப் பண்டம் செய்தாலும் பக்குவம் தப்பாது. ருசி கண்டவர்கள் எப்படிச் செய்வது என்று கேட்டார்கள். அவரும் மறைக்காமல் சொன்னார்.

அந்த நாளில் குடும்பங்கள் இடம் பெயர்ந்துகொண்டிருந்தன. சர்க்கார் உத்தியோகம், ரயில்வே வேலை, கம்பெனி வேலை என்று இளைஞர்கள் பம்பாய்க்கும் டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் போனார்கள். கூடவே புது மனைவியும் போனாள். ஊரில் இருந்தால் அம்மா இருப்பார், பாட்டி இருப்பார், அத்தை இருப்பார். அவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்தே பெண் பழகிவிடுவாள். வெளியூரில் தனிக்குடித்தனம் போனவளுக்கு யார் இருக்கிறார்கள்?

அப்படிப்பட்ட பெண்கள் மீனாட்சி அம்மாளை நாடினார்கள். எத்தனை பேருக்குத் தனித்தனியே எழுதுவது?

அப்போதுதான் உறவினரும் வக்கீலுமான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் அவருக்கு ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொருவருக்கும் எழுதுவதை ஒரு புத்தகமாக எழுதினால் எல்லாருக்கும் பயன்படுமே என்றார். சொன்னதோடு நில்லாமல் ஊக்கமும் கொடுத்தார்.

மீனாட்சி அம்மாள் எழுத உட்கார்ந்தார். 1951-ல் 'சமைத்துப் பார்' முதல் பாகம் வெளிவந்தது.

பங்கீட்டு அரிசிக் காலம்

அது எப்படிப்பட்ட காலம் தெரியுமா? யுத்த காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு அப்போதும் இருந்தது. ராஜாஜி முதலமைச்சராகி 1952-ல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கிய பிறகுதான் ஜனங்கள் பெருமூச்சு விட்டார்கள். நூல் வந்த ஆண்டில் வீட்டுக்கு இவ்வளவுதான் அரிசி என்று அளந்து கொடுத்தார்கள். சோறு குழைந்துவிட்டால் மறுபடி உலை வைக்க அரிசி இராது. ஆகவே சமையலில் தவறு செய்தால் அது வெறும் ருசிக் குறை அல்ல, பண நஷ்டம்; வந்தவர்களைப் பட்டினி போடும் நஷ்டம்.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1951 ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேர் கூட இல்லை. அந்த நிலையில் அடுப்படிப் பெண்களுக்காக ஒரு பெண் புத்தகம் எழுதினார். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள் கூடப் புரிந்துகொள்ளும் எளிய தமிழில் எழுதினார்.

பேர் வாங்கிய ரகசியம்

சமையல் நூல்கள் தமிழில் அதற்கு முன்பும் இருந்தன. பிறகு இந்த நூலுக்கு மட்டும் ஏன் இத்தனை பேர்?

காரணம், அளவு.

ஒரு பாட்டியிடம் சாம்பார் வைப்பது எப்படி என்று கேட்டால், கொஞ்சம் புளி, ஒரு கை பருப்பு, தேவையான உப்பு என்பார். பாட்டியின் கைக்கு அது போதும். புதுப்பெண்ணின் கைக்கு அது போதாது. கொஞ்சம் என்றால் எவ்வளவு? தேவை என்பது யாருடைய தேவை?

மீனாட்சி அம்மாள் அந்தக் கொஞ்சத்தை அளந்தார். அன்று வழக்கில் இருந்த அளவுகளில் பொருள்களைக் குறித்தார். எட்டு ஆழாக்கு கொண்டது ஒரு படி. மூன்று தோலா ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. அந்தக் காலத்துக் குடும்பப் பெண்ணுக்கு இவையெல்லாம் மனப்பாடம். எதை முதலில் போடுவது, எதைப் பிறகு போடுவது, எந்தப் பதத்தில் இறக்குவது என்பதையும் வரிசையாகச் சொன்னார்.

இங்கிலாந்தில் இசபெல்லா பீட்டன் என்ற பெண்மணி 1861-ல் இதே போன்ற குடும்ப நூல் ஒன்றை வெளியிட்டார். அந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக அது புது மணப்பெண்களுக்கு வழிகாட்டியாக இருந்தது. நம் வீடுகளில் அந்த இடத்தைப் பிடித்தது 'சமைத்துப் பார்'.

அளவு தெரிந்துவிட்டால் விருந்தாளியைக் கண்டு பயம் இல்லை. நான்கு பேருக்கு எவ்வளவு என்று தெரிந்தவள் எட்டுப் பேருக்குக் கணக்குப் போட்டுக்கொள்வாள். பண்டத்தைப் பற்றிய கவலை குறைந்தால் முகத்தில் சிரிப்பு நிற்கும். வந்தவர்களுடன் நாலு வார்த்தை பேச நேரமும் கிடைக்கும்.

விருந்துக்கு முன்னால் நடக்கும் வேலை

நல்ல விருந்தின் பாதி வேலை விருந்தாளி வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இதை நம் பாட்டிமார் அறிந்திருந்தார்கள். கோடை வெயிலில் வடாம் பிழிந்து வைப்பார்கள். சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் மோரில் ஊற வைத்து வற்றலாக்குவார்கள். மாங்காய்க் காலத்தில் ஊறுகாய் போடுவார்கள். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி எல்லாம் டப்பாவில் தயாராக இருக்கும்.

மீனாட்சி அம்மாளின் நூலில் குழம்பும் கறியும் மட்டுமல்ல, இந்தப் பொடிகளும் வடாங்களும் ஊறுகாய்களும் கூட இடம் பெற்றன.

வீட்டில் காய்கறி இல்லாத நேரத்தில் ஆள் வந்துவிட்டால் என்ன? வற்றல் இருக்கிறது. நல்லெண்ணெயில் தாளித்து, வற்றலை வறுத்து, பொடியைப் போட்டுப் புரட்டி, புளியைக் கரைத்து விட்டு, சுண்டக் கொதிக்க வைத்தால் வற்றக் குழம்பு. தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளம்.

மோர் புளித்திருக்கிறதா? தேங்காய், பச்சை மிளகாய், சீரகம், ஊறிய பருப்பு இவற்றை அரைத்துக் கலந்தால் மோர்க் குழம்பு. பொங்கி வரும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும்.

ரசமும் அப்படித்தான். நுரை கட்டி மேலே எழும்பும்போது இறக்கினால் மணக்கும். தளதளவென்று கொதிக்க விட்டால் மணம் போய்விடும்.

வெல்லப் பாயசத்தில் பால் விடுவதானால் சூடு ஆறிய பிறகு விட வேண்டும். கொதிக்கும்போது விட்டால் பால் திரியும். விருந்தின் கடைசியில் வரும் பாயசம் திரிந்துபோனால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

இவையெல்லாம் மிகச் சிறிய விஷயங்கள். ஆனால் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாதவளுக்கு இவை மலை போன்ற விஷயங்கள்.

பந்தலுக்குப் பின்னால் இருந்தவர்

முதல் பாகத்துக்குப் பிறகு அடுத்த பாகங்களும் வந்தன. மூன்றாம் பாகத்தில் பண்டிகை, கல்யாணம் முதலிய விசேஷங்களுக்கான முறைகளும் எழுதப்பட்டன. எந்த நாளில் என்ன பட்சணம், எந்தச் சடங்குக்கு என்ன சாமான் என்று விவரங்கள் வந்தன.

இதில்தான் ஓர் அதிசயம் இருக்கிறது. எந்த வழக்கம் விதவையைக் கல்யாணப் பந்தலின் ஓரத்தில் நிறுத்தியதோ, அந்த வழக்கத்தின் காலத்திலேயே ஒரு விதவை எழுதிய ஏட்டைப் பார்த்துக் கல்யாணச் சாமான் பட்டியல் போட்டார்கள். மங்களமான வீடுகளில் அவர் சொன்னபடி பாயசம் கொதித்தது. புது மணப்பெண்ணுக்குத் தாய் வீட்டுச் சீரோடு 'சமைத்துப் பார்' நூலையும் வைத்துக் கொடுக்கும் வழக்கம் பல குடும்பங்களில் ஏற்பட்டது.

மீனாட்சி அம்மாள் மேடை ஏறி வழக்கத்தை எதிர்த்துப் பேசியவர் அல்ல. ஆனால் தம் உழைப்பினால் அவர் போன இடங்களுக்கு அந்த வழக்கம் குறுக்கே வந்து நிற்க முடியவில்லை.

கடல் கடந்த புத்தகம்

1962-ல் மீனாட்சி அம்மாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 57-க்குள்தான் இருக்கும்.

நூல் நிற்கவில்லை. அவர் குடும்பத்தார் அதைத் தொடர்ந்து பதிப்பித்தார்கள். ஆங்கிலத்திலும் வேறு இந்திய மொழிகளிலும் வந்தது. படிப்புக்கும் வேலைக்கும் அமெரிக்கா சென்ற பிள்ளைகளின் பெட்டிகளில் அதுவும் ஏறிக் கடல் கடந்தது. 2001-ல் பெங்குவின் நிறுவனம் தேர்ந்தெடுத்த பகுதிகளை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டது.

படியும் பலமும் வழக்கொழிந்து கிலோவும் கிராமும் வந்தன. விறகு அடுப்பு போய்க் காஸ் அடுப்பு வந்தது. அம்மி இருந்த இடத்தில் மிக்ஸி வந்தது. ஆனாலும் புளிக்கும் பருப்புக்கும் உள்ள பொருத்தம் மாறவில்லை.

அந்த நூலில் உள்ளது சைவச் சமையல் மட்டுமே. அதுவும் ஒரு வகுப்பாரின் வீட்டு முறை. நம் நாட்டில் ஊருக்கு ஒரு ருசி, வீட்டுக்கு ஒரு பக்குவம் உண்டு. கரிசல் காட்டுக் கம்பங்கூழும், கருவாட்டுக் குழம்பும், ஆட்டுக்கறிச் சாறும் அதில் இல்லை. அவற்றின் பக்குவம் தெரிந்த பாட்டிமார் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் உள்ள அளவு இன்னும் ஏட்டில் ஏறவில்லை. அவர்களோடு அதுவும் போய்விடும்.

அந்த வீட்டுப் பெண்கள் இன்றைக்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பாட்டி ஒரு கை உப்பை எடுக்கும்போது அதை ஒரு கரண்டியில் வாங்கி அளந்து பார்க்கலாம். எத்தனை கரண்டி என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். குழம்பை எந்த நிறத்தில் இறக்கினார் என்று குறித்துக்கொள்ளலாம். ஒரு மாதம் இப்படிச் செய்தால் அந்த வீட்டின் கைமணம் அந்த நோட்டில் இருக்கும்.

மீனாட்சி அம்மாள் செய்தது அதைத்தான். கைமணம் பிறவியிலேயே சிலருக்குக் கிடைக்கும் வரம் என்று உலகம் சொல்லி வந்தது. அதை அளந்து எழுதலாம், எழுதியதைப் படித்து யாரும் கற்கலாம் என்று அவர் காட்டினார். தமக்கு மறுக்கப்பட்ட பந்தியை ஆயிரம் வீடுகளில் விரித்து வைத்தார்.